கம்பைக் கீழே வைத்த சனிக்கிழமை

என் தங்கை ட்வைலாவின் புருஷன் ஆர்லன் போல்மனைப் பற்றி எங்கள் பெல்டன் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும். நல்ல மனுஷன். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நமக்கே உடம்பு அசந்துபோகும். "நேத்து நல்ல மழை" என்று சொன்னால், "முந்தாநாள் சாயங்காலமே ஆரம்பிச்சிடுச்சு மச்சான்" என்பான். "அந்த லாரி பச்சை" என்றால், "பச்சைதான், ஆனா கதவு மட்டும் வேற லாரிது" என்பான். இந்த ஆளை எப்படித்தான் என் தங்கை சகித்துக்கொண்டாள் என்று கல்யாணத்தன்றே யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் அப்பாவின் சோள வயல் ஏலத்தில் போனபோது ஆர்லனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அந்த வருஷங்களில் எங்கள் அயோவா மாநிலத்தில் பாதிப்பேர் கதை அதுதான். நிலம் போனபின் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரி ஓட்டச் சேர்ந்தான். அன்றிலிருந்து ஊரார் விளைச்சலை ஏற்றுகிறான், இறக்குகிறான். அறுவடைக் காலத்தில் விடியுமுன் போனால் இருட்டியபின்தான் வருவான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான் என்று ட்வைலா சொல்வாள். இப்படிப்பட்டவனுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு சனிக்கிழமை. அன்றைக்கு என்ன செய்வான்? கல்லூரி மைதானத்துக்கு வந்து கையில் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பான்.

நானும் நிற்கிறவன்தான், அதனால் ரொம்பப் பேசக்கூடாது. எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. அந்தப் பத்து கெஜத்தைக் காட்டத்தான் சங்கிலி. ஒரு முனைக் கம்பு என்னிடம், மறுமுனை பிளம்பர் மெர்லிடம். ஆர்லனிடம் இருப்பது எண் கம்பு. பந்து கிடக்கும் இடத்துக்கு நேராக அதை ஊன்றி, இது எத்தனாவது முயற்சி என்று உச்சியிலிருக்கும் எண்ணைத் திருப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. இடைவேளையில் ஒரு சாசேஜ் பன்னும் கொதிக்காத காபியும் கிடைக்கும்.

இதில் ஒரு கொடுமை, நாங்கள் நிற்பது எதிரணியின் பக்கம். சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், வந்த விருந்தாளிகள் நடுவில் நிற்க வேண்டும். கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, ஆட்டக்காரர்களோடு பேசக்கூடாது. சங்கிலிக்காரன் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்பது சட்டம். நானும் மெர்லும் அவ்வப்போது பல்லைக் கடித்தபடி முணுமுணுத்துக்கொள்வோம். ஆர்லன் அதுகூடச் செய்ய மாட்டான். ஒரு தடவை இரண்டு தடியன்கள் உருண்டு வந்து அவன்மேல் விழுந்தார்கள். அப்படி வந்தால் கம்பைப் போட்டுவிட்டு விலகலாம் என்று சட்டமே சொல்கிறது. இவன் விலகவில்லை. விலா எலும்பு விரிசல் விட்டு மல்லாக்கக் கிடக்கிறான், கையில் கம்பு நேராக நிற்கிறது. எதிரணி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான்:

"பெரியவரே, நீங்க கம்பைப் பிடிச்சிருக்கீங்களா, கம்பு உங்களைப் பிடிச்சிருக்கா?"

ஆர்லன் பதில் சொல்லவில்லை. எதிரணியோடும் பேசக்கூடாதல்லவா.

அவன் மகன் டேனர் பெல்டன் கல்லூரியிலேயே சேர்ந்து அணியிலும் இடம் பிடித்தபோது, இனிமேலாவது இந்த ஆள் கம்பை விட்டுவிட்டு ட்வைலாவோடு எதிர்ப்பக்கம் பார்வையாளர் படிக்கட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்காருவான் என்று நினைத்தோம். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. ட்வைலா கெஞ்சிப் பார்த்தாள்.

"நம்ம பிள்ளை ஆடறான். நீ அங்க போய் வேத்தாள் மாதிரி நிப்பியா?"

"படிக்கட்டுலேருந்து எழுபது கெஜம். அங்கேருந்து சில சமயம் பத்தடிதான்" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மகனைப் பக்கத்தில் பார்க்கத்தான் நிற்கிறான் என்று. பார்ப்பதோடு சரி. டேனர் எங்கள் பக்கம் வந்து விழுந்து எழுந்து போவான். இவன் எண் கம்பைப் பார்ப்பான். "அப்பா" என்று அவன் கண்ணடித்தாலும் இவன் முகம் கல்.

டேனருடைய இடம் வரிசையின் நடு. குனிந்து நின்று கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்புவான்; அனுப்பிய அடுத்த நொடியே எதிரில் நிற்பவன் தலையோடு தலை மோதும். பேப்பரில் அவன் பேர் வராது. ஆனால் அவன் அனுப்பாமல் ஆட்டம் ஆரம்பிக்காது.

டேனரின் கடைசி வருஷம், ஆகஸ்டில், மெர்லுடைய கொட்டகையில் சங்கிலிக்குத் துரு எடுத்துக்கொண்டிருந்தோம். டேனர் ஆளுக்கொரு பீரை எடுத்துக் கொடுத்துவிட்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். அன்று காலையில்தான் அணிக்கு மூளைப் பரீட்சை நடந்திருந்தது. சீசன் ஆரம்பிக்குமுன் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து எவ்வளவு வேகமாக யோசிக்கிறார்கள், எவ்வளவு ஞாபகம் வைக்கிறார்கள் என்று அளந்துகொள்வார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை. மார்க் குறைந்தால் ஆட விடமாட்டார்கள்.

"வேணும்னே சொதப்பிட்டேன் மாமா" என்றான் என்னிடம். "சதுரத்தை வட்டம்னு போட்டேன். வார்த்தைய எல்லாம் பாதிதான் சொன்னேன்."

"எதுக்குடா?" என்றார் மெர்ல்.

"இப்பவே முட்டாள்னு பதிஞ்சாச்சுன்னா, அப்புறம் அடிபட்டு நிஜமாவே முட்டாளானாலும் பாஸ்தானே! பசங்க பாதிப்பேர் இதத்தான் பண்றாங்க."

நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். "உங்கப்பன் ரத்தம்டா நீ, வேணும்னு பண்ணியிருக்கவே வேண்டாம்" என்றார் மெர்ல். ஆர்லன் சிரிப்பது அபூர்வம். அன்று அவனும் சிரித்தான்.

சீசன் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவதும். முந்தின வருஷமும் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, அதனால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. செப்டம்பர் வெயிலில் தோற்றோம். பழைய மாணவர்கள் திரும்பி வரும் நாளில், மேளதாளத்தோடு, பெரிதாகத் தோற்றோம். மழையில் சேற்றில் தோற்றோம். கோச் டூலி ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும், "பசங்க விட்டுக்கொடுக்கல, அதான் முக்கியம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே அந்த வாக்கியம் வாயில் வராமல் போயிற்று. படிக்கட்டில் கூட்டம் கரைந்தது. கல்லூரி நிர்வாகம் வேறு, பணம் இல்லை, அணி எதற்கு என்று பேச ஆரம்பித்திருந்தது. அறுவடை உச்சத்தில் இருந்தது. ஆர்லன் சனிக்கிழமை காலை நேராக லாரியிலிருந்து இறங்கி, தலைமுடியில் சோள உமியோடு வருவான். நின்றபடியே கண் சொக்கும். ஆனால் விசில் கேட்டதும் கை தானாக எண்ணைத் திருப்பும்.

அக்டோபரில் வெளியூர் ஆட்டம் ஒன்றில் டேனருக்குத் தலையில் அடி. சில நாள் திரையை மூடிக்கொண்டு படுத்திருந்தான். வெளிச்சம் ஆகவில்லை, வாந்தி வேறு. அப்புறம் கம்ப்யூட்டர் பரீட்சை. பாஸ்! எப்படி பாஸாகாமல் போகும்? சிரித்துக்கொண்டே வந்தான். அன்று ட்வைலா சமைத்த மாட்டிறைச்சிக் குழம்புக்கு நானும் போயிருந்தேன். ட்வைலா அடுக்களைப் பக்கம் போனதும் ஆர்லன் மெதுவாகக் கேட்டான்.

"ஒரு ரெண்டு வாரம் சும்மா இரேன்டா."

"இன்னும் மூணு ஆட்டம்தாம்பா இருக்கு. அப்புறம் வாழ்நாள் பூரா சும்மாத்தானே இருக்கப்போறேன்?"

"தலை வலிக்குதா?"

"இல்ல." பிறகு, "கொஞ்சம்" என்றான். "அப்பா, நாலு வருஷமா முட்டி மோதறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுட்டுப் போறேன். அந்தப் பரீட்சை விஷயத்த யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மாகிட்ட கூட."

ஆர்லன் கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். பிறகு, "சொல்லல" என்றான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அது கல்லில் வெட்டியதுபோல. எனக்கும் அது தெரியும், டேனருக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

மூன்றில் இரண்டு போயிற்று. கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், நவம்பர் குளிரில். எதிரணியும் எங்களைப் போலவே பஞ்சப்பாட்டுதான். அன்று என்ன அதிசயமோ, எங்கள் பையன்கள் ஆடினார்கள். கடைசிக் கால்பகுதியில் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். வீட்டுக்குப் போயிருந்தவர்கள்கூடச் செய்தி கேட்டுத் திரும்பி வந்து கம்பியோரம் நின்றார்கள். டிராக்டர் கடைக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கத்த முடியாத எரிச்சலில் நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். பந்து எங்களிடம். நேரத்தை ஓட்டினால் போதும்.

அப்போது மோதல் நாங்கள் நின்ற ஓரத்துக்கு வந்தது. டேனரும் எதிரணியின் ஒரு மாமிச மலையும் தலையோடு தலை மோதிய சத்தம் எனக்கே கேட்டது. டேனர் ஆர்லனின் காலடியில் வந்து விழுந்தான். எழுந்தான். நின்றான். ஆர்லனின் கம்பை அண்ணாந்து பார்த்தான்.

"அது என்ன?"

ஆர்லன் சட்டத்தை மீறி வாயைத் திறந்தான். "எது?"

"அதான். மேல இருக்கே."

"மூணுடா. மூணாவது."

"ஓ" என்றான் டேனர். ஏதோ புதுச் சொல்லைக் கேட்டவன் மாதிரி தலையாட்டிவிட்டு எதிரணியின் கும்பலை நோக்கி நடந்தான். எங்கள் பையன் ஒருத்தன் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஏதோ வேடிக்கை போல இருந்திருக்கும், சிரித்தார்கள்.

அடுத்த முயற்சியில் டேனர் குனிந்தான், பந்தை ஒழுங்காக அனுப்பினான், மோதினான். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பத்து கெஜம் தாண்டிவிட்டோம். நானும் மெர்லும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்கு ஓடினோம். ஆர்லனும் வந்தான். ஆனால் கம்பின் உச்சியில் எண் இன்னும் மூன்றாகவே இருந்தது.

"ஆர்லன், நம்பர்!" என்று கத்தினார் எங்கள் பக்கம் நின்ற ஓர நடுவர். இத்தனை வருஷத்தில் யாரும் ஆர்லனிடம் அப்படிக் கத்தியதில்லை.

அவன் எண்ணைத் திருப்பவில்லை. "நடுவுல நிக்கற பையனுக்குத் தலையில அடி. எண் தெரியல அவனுக்கு. நிறுத்துங்க" என்றான்.

ஓர நடுவர் மைதானத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே நிக்கறான்? பந்தையும் சரியா விட்டான். நீங்க அவனோட அப்பாதானே?"

"ஆமா."

"அப்ப பேசாம நம்பரத் திருப்புங்க சார்."

ஆர்லன் எண்ணை ஒன்றுக்குத் திருப்பினான். கம்பை மெதுவாகப் படுக்கவைத்தான், நுனி சரியாகப் பந்து கிடந்த கோட்டில் இருக்கும்படி. பிறகு சங்கிலிக்காரர்கள் போடும் அந்த ஆரஞ்சு மேல்சட்டையோடு மைதானத்துக்குள் நடந்தான். ஓடவில்லை. கால் வலியோடு லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற நடைதான். விசில் மேல் விசில் அடித்தார்கள். படிக்கட்டு முழுக்க எழுந்து நின்றது. "யாருய்யா அந்தக் கிறுக்கன்?" "ஏய் ஆர்லன், யாருக்காக ஆடறே?" "அவங்ககிட்ட எவ்வளவு வாங்கின?"

டேனர் அவன் வருவதைப் பார்த்துவிட்டான். கையை நீட்டித் தடுத்தான். "வேண்டாம்பா. போயிடு. கெஞ்சிக் கேக்கறேன், போயிடு."

தலைமை நடுவர் இருவரையும் எங்கள் அணியின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். நான் சங்கிலியோடு எதிர்ப்பக்கம் நின்றேன். அங்கே நடந்ததை, அதற்குள் படியிறங்கி ஓடிப்போன ட்வைலா பின்னால் சொன்னாள். காயம் பார்க்கும் பெண் மாரிசா டேனரின் கண்ணில் விளக்கடித்து, என்ன மாதம், எந்த ஊர், யாரோடு ஆட்டம் என்று கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில். ஸ்கோரை மட்டும் கோச்சின் வாயசைவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

"சரியாத்தானே சொல்றான்! நேரம் ஓடுது" என்றார் கோச் டூலி.

"போன மாசம் கம்ப்யூட்டர்லயும் பாஸானேன் மாரிசா. உனக்கே தெரியுமே" என்றான் டேனர்.

மாரிசா தயங்கினாள். அவள் சரி என்று தலையாட்டப்போன சமயத்தில் ஆர்லன் சொன்னான்: "அந்தப் பாஸ் பொய். ஆகஸ்ட்ல வேணும்னே தப்பாப் போட்டான். என்கிட்ட சொன்னான். நான் சொல்லாம இருந்தேன்."

டேனர் அப்பாவைப் பார்த்தானாம், அவ்வளவுதான். ட்வைலாவும் பார்த்தாள், அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும். மாரிசா டேனரின் ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்படி எடுத்துவிட்டால் முடிந்தது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் உள்ளே போகமுடியாது. டேனரையும் கூட்டிக்கொண்டு ஆர்லனும் ட்வைலாவும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். கல்லூரி அலுவலர் ஒருவர் வந்து எண் கம்பை எடுத்துக்கொண்டார்.

டேனரின் இடத்தில் முதல் வருஷப் பையன் ஒருத்தன் இறங்கினான். குளிரில் விரல் விறைத்திருந்ததா, பயமா தெரியாது. மூன்று முயற்சியும் நகரவில்லை, பின்னுக்குத்தான் போனோம். நான்காவதில் பந்தை உதைத்துத் தள்ளிவிட வேண்டும். பையன் குனிந்து அனுப்பினான். பந்து உதைப்பவன் தலைக்கு மேலே பறந்து எங்கள் எல்லைக் கோட்டுக்குள் போய் விழுந்தது. எதிரணிக்காரன் அதன்மேல் விழுந்தான், அவர்களுக்கு ஆறு புள்ளி. அதோடு ஆட்டம் முடிந்தது. நான் நின்றிருந்த பக்கம் முழுக்கக் கூத்தும் கும்மாளமும். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் அந்தப் பையனைத் திட்டவில்லை. என் மச்சானைத்தான் திட்டினேன், வாய்விட்டு, சங்கிலிக்காரன் என்பதையும் மறந்து.

டேனரின் பையையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசல் வரைக்கும் அந்த ஆத்திரம் இருந்தது.

ஸ்கேனில் ரத்தக்கசிவு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஞாபகம் இன்னும் பதியல. கேட்டதையே கேப்பான். ஒரு நாள்ல சரியாகும். இன்னிக்கு இங்கயே இருக்கட்டும்" என்றாராம். இன்னொரு மோதல் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆர்லன் கேட்டிருக்கிறான். ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம், செத்தும் போயிருக்கலாம், யாரால் சொல்ல முடியும் என்றிருக்கிறார். ஆக, நீ செய்தது சரி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் ஸ்கோரைத்தான் கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

டேனர் கண்ணைத் திறந்தான். "அப்பா, நான் ஏன் இங்க இருக்கேன்?"

"தலையில அடிடா."

"ஆட்டம்?"

"தோத்துட்டோம்."

"எப்படி? முன்னாலதானே இருந்தோம்?"

"உன்ன வெளிய எடுத்துட்டாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். பரீட்சை விஷயத்தையும் சொல்லிட்டேன்."

பையன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "சொல்ல மாட்டேன்னியே? உன்ன நம்பித்தானே சொன்னேன்? நாலு வருஷம்பா... ஒரே ஒரு ஆட்டம்..." என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதான். "நீயெல்லாம் ஒரு அப்பனா? வெளிய போ" என்றான். அழுகை மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கோ வடிந்துபோயிற்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டான்.

"அப்பா, நான் ஏன் இங்க இருக்கேன்?"

ஆர்லன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அதே வார்த்தைகள். ஒன்றையும் விடவில்லை. பையன் மறுபடி முதன்முதலாகக் கேட்பவன் போல உடைந்தான், மறுபடி அப்பனைத் திட்டினான், மறுபடி மறந்தான். நான் எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் திட்ட நினைத்ததையெல்லாம் டேனரே திட்டிக்கொண்டிருந்தான், திரும்பத் திரும்ப. வெளியே இருட்டியது. நர்ஸ் ஜெல்லி கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை.

ட்வைலாவால் தாங்க முடியவில்லை. கணவனைக் கதவுப் பக்கம் இழுத்தாள். "ஜெயிச்சோம்னு சொல்லித் தொலையேன். எப்படியும் மறக்கத்தானே போறான்?"

"ஜெயிக்கலையே" என்றான் ஆர்லன்.

"ஐயோ, கம்பப் பிடிக்கிற இடமா இது? இங்க யாரு அளக்கறா?"

"டேய், மனுஷன்தானே நீ? ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா?" என்றேன் நானும்.

அவன் எங்களைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு அறுவடையின் களைப்பு முழுவதும் இருந்தது. வாரம் பூரா லாரி ஓட்டியவன், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன். திரும்பப் போய் உட்கார்ந்தான்.

"அப்பா, நான் ஏன் இங்க இருக்கேன்?"

"தலையில சின்ன அடி."

"ஆட்டம்?"

ஆர்லன் தரையைப் பார்த்தான். "ஜெயிச்சோம்டா" என்றான்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீ கடைசி வரைக்கும் நின்ன."

டேனர் சிரித்தான். சின்ன வயதில் சிரிப்பானே, அப்படி வாய்கொள்ளாமல் சிரித்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றான். அப்படியே தூங்கிப்போனான். ட்வைலா வீங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டு கணவனின் தோளில் கைவைத்தாள். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் நுழையும்போது அணியைச் சேர்ந்த மூன்று பையன்கள் ஏற்கெனவே கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். டேனர் தலையணையில் சாய்ந்து, முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தான். காலையில் சாப்பிட்டது, நர்ஸ் பேர், டாக்டர் சொன்னது, எல்லாம் ஞாபகம் இருந்தது. நேற்று ஆட்டம் ஞாபகமில்லை. நேற்று சாயங்காலத்திலும் ஒன்றே ஒன்றுதான் பதிந்திருந்தது.

"என்னடா இழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க?" என்றான் பையன்களிடம். "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஜெயிச்சிருக்கோம். பார்ட்டிய எங்க வச்சீங்க? எனக்கு ஒரு பாட்டில்கூடக் கொண்டு வரலையா?"

பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தன் ஷூவைப் பார்த்தான். ட்வைலா அவர்களுக்குப் பின்னாலிருந்து ஆர்லனைப் பார்த்து, வேண்டாம், இப்போது வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

ஆர்லன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவன் தூங்கவே இல்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஜெயிக்கல டேனர். தோத்துட்டோம். உனக்கு அடிபட்டது எனக்குத் தெரிஞ்சுது, நான்தான் உள்ள வந்து உன்ன வெளிய எடுக்கச் சொன்னேன். பரீட்சை விஷயத்தையும் மாரிசாகிட்ட சொல்லிட்டேன். நேத்து ஜெயிச்சோம்னு சொன்னது பொய்."

பையன்கள் மெல்ல வெளியே நழுவினார்கள். டேனர் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அந்த முகத்தையே கவனித்தேன், கோபம் வடிந்துபோய் மறுபடி கேட்கமாட்டானா என்று. கேட்கவில்லை. கோபம் அப்படியே நின்றது.

"நேத்தே ஏன் சொல்லல?" என்றான் கடைசியில்.

"சொன்னேன்டா. நிறைய தடவ சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

ஆர்லன் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தான். "வெளிய போன்னு சொன்ன."

"போகலியா?"

"இல்ல."

டேனர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். முதுகு குலுங்கியது. ஆர்லன் நாற்காலி முதுகில் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது. கதவைத் திறக்கும்போது சுவரைப் பார்த்தபடியே டேனர் பேசினான்.

"உன்கூடப் பேச மாட்டேன்."

"சரிடா."

"ரொம்ப நாளைக்குப் பேச மாட்டேன்."

"தெரியும்."

"ஆனா உட்காரு" என்றான். "தலை சுத்துது. பயமா இருக்கு."

ஆர்லன் கோட்டோடேயே வந்து உட்கார்ந்தான்.